நிலநடுக்கம் வந்தால் எஃகுக் கட்டடத்தில் எது முதலில் வளையணும்? போல்ட் இணைப்புகள் பற்றி ஒரு விளக்கம்

1994 ஜனவரி 17. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தூக்கத்தில் இருந்த அதிகாலை நாலரை மணி. நகரின் வடமேற்கே நார்த்ரிட்ஜ் பகுதியில் நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 6.7. மேம்பாலங்கள் சரிந்தன. மரச் சட்டகத்தில் கட்டப்பட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம் நசுங்கி, அந்த ஒரு இடத்தில் மட்டும் 16 பேர் இறந்தார்கள்.

எஃகுச் சட்டகத்தில் கட்டப்பட்ட உயரமான கட்டடங்கள் மட்டும் ஒன்றுகூட விழவில்லை. ‘இரும்புன்னா இரும்புதான்’ என்று இன்ஜினீயர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது சில வாரங்கள்தான் நீடித்தது.

சில கட்டடங்கள் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்து, பால்ஸ் சீலிங்கைப் பிரித்து, எஃகின் மேல் பூசியிருந்த தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்கள். பீமும் தூணும் சேரும் இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தது. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே புகுந்திருந்தது. தேடத் தேட எண்ணிக்கை ஏறி, 100 கட்டடங்களைத் தாண்டியது. அப்போது கட்டுமானத்தில் இருந்த புகழ்பெற்ற கெட்டி சென்டரிலும் இந்த விரிசல்கள் இருந்தன.

வெளியே கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத கட்டடங்களும் இந்தப் பட்டியலில் இருந்தன. உள்ளே தினமும் ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஃகுக் கட்டடங்களை வடிவமைக்கும் விதத்தையே மாற்றிய சம்பவம் இது. இன்றைக்கு ஒரு பீமையும் தூணையும் இணைக்கும் நாலு போல்ட்டுக்குப் பின்னால் பக்கம் பக்கமாகக் கணக்கு இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

முதலில், ‘மொமெண்ட் ஃப்ரேம்’ என்றால் என்ன?

நாலு மரச்சட்டங்களை, மூலைக்கு ஒரே ஒரு ஆணி அடித்து, போட்டோ ஃப்ரேம் மாதிரி சேர்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே கோணிக்கொள்ளும். அதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, குறுக்காக இன்னொரு சட்டம் அடிப்பது. இன்னொன்று, மூலைகள் துளிகூடத் திரும்பாதபடி இறுக்கமாகச் செய்வது.

இரண்டாவது வழிதான் மொமெண்ட் ஃப்ரேம். இதில் குறுக்குச் சட்டமோ கனமான சுவரோ தேவையில்லை. முழு நீளக் கண்ணாடி, தடையில்லாத ஹால், கீழே கார் பார்க்கிங் என ஆர்க்கிடெக்ட் கேட்பதெல்லாம் கிடைக்கும். ஐ.டி. அலுவலகம், மருத்துவமனை, மால் போன்ற கட்டடங்களுக்கு இது பிடித்துப்போனது இதனால்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பக்கவாட்டு விசை மொத்தமும் மூலைகளின் தலையில் விழுகிறது. பூமி ஆடும்போது கட்டடத்தின் கால் ஒரு பக்கம் போகும், தலை பின்தங்கும். பீமின் இரு முனைகளும் மேலும் கீழுமாக மாறி மாறி வளைக்கப்படும். அந்த வளைவு உச்சத்தில் இருப்பது, பீம் தூணைத் தொடும் இடத்தில்தான்.

கட்டடம் வளைவதை எதிர்பார்த்தே கட்டுகிறார்கள்!

பெரிய நிலநடுக்கத்தின் முழு விசையையும் அசையாமல் தாங்கும்படி யாரும் சாதாரணக் கட்டடம் கட்டுவதில்லை. செலவு கட்டுப்படி ஆகாது. இந்தியாவின் ஐ.எஸ். 1893 விதியையே எடுத்துக்கொள்ளலாம். ‘ஸ்பெஷல்’ வகை எஃகு மொமெண்ட் ஃப்ரேம் என்றால், கட்டடம் வளையாமல் நின்றால் வரக்கூடிய விசையை 5ஆல் வகுத்து டிசைன் செய்ய அது அனுமதிக்கிறது.

இந்தத் தள்ளுபடி சும்மா கிடைப்பதில்லை. ‘விசை அதிகமானால் எஃகு வளைந்து கொடுக்கும், ஆனால் முறியாது’ என்ற வாக்குறுதிக்குப் பதிலாகத்தான் அது கிடைக்கிறது.

சென்ட்ரிங் வேலையில் கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து தடவை வளைத்தால் வளைந்த இடம் சூடாகும். நம் கை கொடுத்த ஆற்றல்தான் அங்கே வெப்பமாக மாறுகிறது. நிலநடுக்கத்திலும் இதேதான் நடக்க வேண்டும். பூமி கொடுத்த ஆற்றலை, பீமின் ஒரு பகுதி வளைந்து வளைந்து தின்று தீர்க்கணும்.

அப்படியென்றால் எந்தப் பகுதி வளையணும்? வீட்டில் ஃபியூஸ் இருப்பது எதற்கு? வயரிங் எரியாமல் இருக்க, முதலில் போக வேண்டியது எது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறோம். கட்டடத்தில் அந்த ஃபியூஸ், பீம். தூண் அல்ல. தூண் மடங்கினால் அதற்கு மேலே இருக்கும் எல்லாத் தளமும் ஆபத்தில் சிக்கும். பீமின் முனை வளைந்தால் பெரும்பாலும் அந்த இடத்தோடு போகும். அதனால்தான் ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் வளைவுத் தாங்குதிறன், பீம்களுடையதைவிடக் குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் எஃகு விதியான ஐ.எஸ். 800.

தூண் நிற்கணும், பீம் வளையணும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு? அது கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கணும்.

நார்த்ரிட்ஜில் எங்கே தப்பு நடந்தது?

ஆங்கில ‘ஐ’ எழுத்து வடிவத்தில் இருக்கும் பீமில் மேலும் கீழும் இருக்கும் தகடுகளை ஃபிளேஞ்ச் என்பார்கள். நடுவில் நிற்கும் தகடு வெப். அன்றைய வழக்கப்படி, ஃபிளேஞ்சுகளைச் சைட்டிலேயே தூணோடு வெல்டிங் செய்தார்கள். வெப்பைப் போல்ட் போட்டார்கள். 1970களில் பெர்க்லியில் நடந்த சோதனைகள் இந்த முறைக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தன. ஆனால் அந்தச் சோதனைகளில் இருந்தவை ஓரளவு சிறிய பீம்கள். பிறகு செலவைக் குறைக்க, கட்டடம் முழுக்க இருந்த இறுக்கமான இணைப்புகளைச் சிலவாகக் குறைத்தார்கள். மிச்சமிருந்த பீம்கள் பெருத்தன. பழைய சோதனையின் தைரியத்தில் புதிய அளவுகள் கட்டப்பட்டன.

ஆய்வில் தெரிந்தது, குற்றவாளி ஒருவர் அல்ல என்பது. வெல்டிங்குக்குப் பயன்படுத்திய உலோகம் வலுவானதுதான், ஆனால் திடீர் இழுப்பில் விரிசல் ஓடாமல் தடுக்கும் தன்மை அதில் குறைவு. வெல்டிங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்த பட்டையை எடுக்காமல் விட்டதால், அதன் இடுக்கே ஒரு ரெடிமேட் கீறல் ஆனது. கீழ் ஃபிளேஞ்சில் வெல்டர் ஒரே ஓட்டமாக வெல்டு அடிக்க முடியாமல் நடுவில் வெப் குறுக்கிட்டது. இவ்வளவு குறைகளும் சேர்ந்திருந்தது, விசை உச்சத்தில் இருக்கும் அதே இடத்தில்.

பீம் வளைவதற்கு முன்பே வெல்டிங் விட்டுவிட்டது. அதாவது, ஃபியூஸ் இருக்க வயரிங் எரிந்தது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபேயில் நிலநடுக்கம். 6,000 பேருக்கு மேல் பலி. அங்கே எஃகுக் கட்டடம் கட்டும் முறை வேறு. ஆனாலும் பீமும் தூணும் சேரும் இடங்களில் முறிவுகள் தென்பட்டன.

4 சதவீதத் தேர்வு

அமெரிக்காவில் இன்ஜினீயர் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சாக் என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா நிதி கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அதன் பரிந்துரைகளின் சாரம் ஒரு வரியில் அடங்கும்: கணக்கை மட்டும் நம்பாதே, நிஜ அளவில் செய்து, வளைத்துப் பார்.

இப்போது ஸ்பெஷல் வகைச் சட்டகத்தில் ஓர் இணைப்பைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அது ஒரு தேர்வில் பாஸாகி இருக்க வேண்டும். முழு அளவுப் பீமையும் தூணையும் சோதனைக்கூடத்தில் பொருத்தி, ஹைட்ராலிக் ஜாக்கால் முன்னும் பின்னும் தள்ளுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தூரம் கூடும். சாய்வு 0.04 ரேடியனைத் தொடும்போதும், பீமின் முழு வளைவுத் திறனில் 80 சதவீதமாவது மிச்சம் இருக்கணும் என்கிறது அமெரிக்க விதி. 0.04 ரேடியன் என்றால் எவ்வளவு? மூன்றரை மீட்டர் உயரத் தளம் ஒன்று, 14 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்வதற்குச் சமம். ஒரு ஜாணில் பாதியைத் தாண்டும். இந்திய விதியும் ஸ்பெஷல் வகைக்கு இதே 0.04 ரேடியனைத்தான் கேட்கிறது.

இந்தத் தேர்வில் பாஸான வகைகளை அமெரிக்க எஃகுக் கட்டுமான நிறுவனமான ஏ.ஐ.எஸ்.சி. ஒரு பட்டியலாகவே வைத்திருக்கிறது. அதில் ஒன்று, தூணுக்குக் கொஞ்சம் தள்ளி ஃபிளேஞ்சை வில் வடிவத்தில் செதுக்கி, பீமை வேண்டுமென்றே அங்கே மெலிய வைக்கும் ‘டாக்போன்’ முறை. பட்டியலில் பல வகைகள் போல்ட்டை நம்பியவை.

போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

காரணம் எளிமையானது. உயரத்தில், காற்றில், வெயிலில் தொங்கிக்கொண்டு வெல்டு அடிப்பதும், பட்டறைக்குள் வசதியான கோணத்தில் திருப்பி வைத்து அடிப்பதும் ஒன்றல்ல. போல்ட் இணைப்பில் முக்கியமான வெல்டிங்கெல்லாம் பட்டறையிலேயே முடிந்து, பரிசோதனையும் நடந்துவிடும். சைட்டில் மிச்சம் இருப்பது ஓட்டையைப் பொருத்தி போல்ட்டை முடுக்குவதுதான்.

முக்கியமாக இரண்டு வடிவங்கள்:

• எண்ட் பிளேட்: பீமின் முனையில் ஒரு கனமான தகட்டைப் பட்டறையிலேயே வெல்டு செய்துவிடுவார்கள். அந்தத் தகட்டைத் தூணோடு போல்ட் போடுவார்கள். பீம் வளையும்போது போல்ட்டுகள் நீளவாக்கில் இழுக்கப்படும்.

• ஃபிளேஞ்ச் பிளேட்: தூணிலிருந்து இரண்டு தகடுகள் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பீமின் மேல், கீழ் ஃபிளேஞ்சுகள் அந்தக் கைகளோடு வரிசையான போல்ட்டுகளால் சேரும். இங்கே போல்ட்டுகள் குறுக்காக வெட்டு விசையைத் தாங்கும்.

ஒரு போல்ட்டுக்கு 27 டன்!

எண்ட் பிளேட்டில் விசை எவ்வளவு வரும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் 450 மி.மீ. உயர ஐ.எஸ்.எம்.பி. பீம். 250 கிரேடு எஃகு. இந்த பீம் முழுதாக வளையத் தொடங்கும் திருப்பு விசை சுமார் 383 கிலோநியூட்டன் மீட்டர். இணைப்பு இதைவிட 1.2 மடங்கு தாங்கணும் என்கிறது ஐ.எஸ். 800. அப்போது 460.

இந்தத் திருப்பு விசை, ஒரு ஃபிளேஞ்சில் இழுவையாகவும் மற்றதில் அழுத்தமாகவும் பிரியும். இரண்டுக்கும் இடையிலான தூரம் சுமார் 43 செ.மீ. வகுத்தால் இழுவை கிட்டத்தட்ட 108 டன். இழுபடும் ஃபிளேஞ்சைச் சுற்றி நாலு போல்ட் என்றால், ஒவ்வொன்றுக்கும் 27 டன்!

இதோடு முடியவில்லை. தகடு மெலிதாக இருந்தால் அது வளைந்து, அதன் ஓரம் தூணில் ஊன்றிக்கொண்டு போல்ட்டை நெம்பும். சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்குவோமே, அதே வேலை. அந்த எக்ஸ்ட்ரா இழுவையும் போல்ட்டின் கணக்கில் சேரும். அதனால்தான் எண்ட் பிளேட்டுகள் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன.

இதில் எதிர்பாராத இன்னொரு சிக்கல் உண்டு. ஆர்டர் கொடுத்ததைவிட வலுவான எஃகு வந்து இறங்கினால் நல்லதுதானே? இங்கே இல்லை! பீம் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தால் அது வளைய மறுக்கும். விசை போல்ட்டுக்குப் போகும். பீம் வளைந்து சைகை காட்டும். போல்ட் அப்படிச் செய்யாது, மரை ஓடும் இடத்தில் பட்டென்று அறும். அமெரிக்க விதியில் ஏ36 வகை எஃகுப் பீம், எழுத்தில் உள்ளதைவிட 1.5 மடங்கு வலுவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் இணைப்பைக் கணக்கிடணும்.

முடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். 8.8இல் முதல் எண், அறுபடும் வலிமை 800 மெகாபாஸ்கல் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது.

இந்த வகைப் போல்ட்டை வெறுமனே டைட் செய்தால் போதாது. 20 மி.மீ. விட்டமுள்ள 8.8 போல்ட்டை முறைப்படி முடுக்கினால், அதற்குள் மட்டும் 14 டன் அளவுக்கு இழுவை ஏறும். அந்த இழுவை இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நசுக்கிப் பிடிக்கும். விசையைக் கடத்துவது போல்ட்டின் உடம்பு அல்ல, தகடுகளுக்கு இடையிலான உராய்வு.

இது ஏன் முக்கியம்? போல்ட்டைவிட ஓட்டை பொதுவாக 2 மி.மீ. பெரிதாக இருக்கும். சாதாரணமாக முடுக்கிய போல்ட் என்றால், பூமி முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்த 2 மி.மீ. இடைவெளியில் தகடு இடிபட்டுக்கொண்டே இருக்கும், நட்டும் தளரும். எனவே நிலநடுக்கச் சட்டகங்களில் முழு இழுவை ஏற்றிய உயர்வலிமை உராய்வுப் போல்ட் அல்லது ஓட்டைக்குக் கச்சிதமாகக் கடைந்த போல்ட் மட்டுமே போடணும் என்கிறது ஐ.எஸ். 800. ஒரே இணைப்புப் பரப்பில் பாதி விசையை வெல்டிங்கும் பாதியை போல்ட்டும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று கணக்கு எழுதவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலைக்கு வராது.

சரி, 14 டன் ஏறிவிட்டது என்று சைட்டில் எப்படித் தெரியும்? ஒரு வழி, முதலில் தகடுகள் நன்றாக ஒட்டும்வரை முடுக்கி, நட்டின் மேல் பெயின்ட்டால் கோடு போட்டு, பிறகு இன்னும் அரைச் சுற்று திருப்புவது. எவ்வளவு திருப்பணும் என்பது போல்ட்டின் நீளத்தைப் பொறுத்தது. இன்னொரு வழி, தேவையான இழுவை வந்ததும் வால் தானாகத் துண்டாகி விழும் போல்ட்டுகள். அழுத்தினால் சப்பையாகும் புடைப்புகள் கொண்ட வாஷர்களும் உண்டு. உராய்வை நம்பி டிசைன் செய்த பரப்பில் எண்ணெய் பட்டாலோ, ‘துருப்பிடிக்குமே’ என்று யாராவது பெயின்ட் அடித்துவிட்டாலோ கணக்கே மாறிவிடும்.

பத்து மாடிக் கட்டடத்தின் டிசைன் கடைசியில் வந்து நிற்பது, ஸ்பானர் பிடித்தவர் அந்த அரைச் சுற்றைத் திருப்பினாரா இல்லையா என்பதில்தான்.

வளையவே வேண்டாம், வழுக்கட்டும்

உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி அடுத்து வந்தது. 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். நின்ற கட்டடங்களிலும் பல, பழுது பார்க்கக் கட்டுப்படியாகாமல் பிறகு இடிக்கப்பட்டன. வளைந்த பீம் உயிரைக் காத்தாலும், அதை மாற்றுவது லேசான வேலை இல்லை.

அதே நாட்டில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கிளிஃப்டன் அதற்கு முன்பே உருவாக்கிய முறை, ‘ஸ்லைடிங் ஹிஞ்ச்’ இணைப்பு. இதில் பீமின் மேல் ஃபிளேஞ்ச் கீல் மாதிரி இருக்கும். கீழ்ப்பக்கத் தகட்டில் போல்ட் ஓட்டை நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும். சாதாரண நாளில் உராய்வு பிடித்துக்கொள்ளும். பெரிய நிலநடுக்கத்தில் மட்டும் தகடு வழுக்கும். பைக்கின் டிஸ்க் பிரேக் மாதிரி, உராய்வே ஆற்றலைத் தின்னும். பீம் வளைய வேண்டியதில்லை. முடிந்த பிறகு போல்ட்டுகளைச் சரிபார்த்து மாற்றினால் போதும் என்பதுதான் இதன் நோக்கம். வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழக மாணவர் விடுதியான டெ புனி வில்லேஜில் இந்த இணைப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

சென்னை, ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பின்படி மண்டலம் 3இல் இருக்கிறது. டெல்லி மண்டலம் 4. வடகிழக்கு மாநிலங்கள் மண்டலம் 5. எஃகுக் கட்டடத்தில் அலுவலகம் எடுக்கிறீர்கள் அல்லது சைட்டில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், மூன்று கேள்விகள் கேட்கலாம்:

• இந்தச் சட்டகம் ஸ்பெஷல் வகையா, சாதாரண வகையா? இணைப்பு எந்தச் சோதனையை வைத்துத் தேர்வானது?

• போட்டிருப்பது உராய்வுப் போல்ட்டா? எந்த கிரேடு?

• முடுக்கியதற்குச் சரிபார்ப்புப் பதிவு இருக்கிறதா? ஒருமுறை முழுதாக முடுக்கிக் கழற்றிய போல்ட்டை மறுபடி போட்டார்களா?

நார்த்ரிட்ஜுக்கு முந்தைய முறையில் கட்டிய கட்டடங்கள் கலிஃபோர்னியாவில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய சாண்டா மோனிகா நகரம் 2017இல்தான் இவற்றை வலுப்படுத்தச் சட்டம் போட்டது. உரிமையாளர்களுக்குக் கொடுத்த கெடு 20 வருடம். நிலநடுக்கம் அதுவரை காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டும்போதே சரியாக முடுக்குவதற்கு ஆகும் நேரம், ஒரு போல்ட்டுக்குச் சில நிமிடங்கள்தான்.